அடுத்த தட்டு எப்போது வரும்?

இவ்வாண்டு அறிவியல் மன்றக் கூட்டமொன்றில் எங்கள் பத்தாம் வகுப்பு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றது. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. கரையான்சாவடிப் பேருந்து நிறுத்தம் வரை தொடர்ந்து வந்தது. சண்டைக்குக் காரணம் ஒரு தட்டு. உண்ணும் தட்டன்று, கணிப்பொறிச் செய்திகளைப் பதிந்து வைக்கும் ஒளித்தட்டு.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நம் வீட்டு டி.வி.டி. அளவே உள்ள ஒரு தட்டில், நூறு அடுக்குகளாக, 200 டெராபைட் வரை பதிய வழி கண்டிருப்பதாக அதில் கூறினர். சாதாரண டி.வி.டி. ஒன்று கொள்ளுவது 4.7 கிகாபைட். அப்படியானால் 42,000 டி.வி.டி.க்களுக்கு மேல் கொள்ளுவதெல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிடும்! இதைக் கேட்டவுடன் எங்கள் தோழியர் பலருக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னும் ஐந்தே ஆண்டில் எல்லாக் கணிப்பொறியிலும் இதுதான்” என்றனர் ஒரு சாரார். “பத்தாண்டு ஆகும்” என்றனர் சற்று நிதானமானவர்கள். எங்களில் ஐந்தாறு பேர் மட்டும், “நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கு அது வரவே வராது” என்றோம். எங்களுக்கு உடனே ‘பாட்டிமார் சங்கம்’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கூட்டத்தில் சொல்லி முடிக்க இயலாமற் போனதை இம்மலரில் எழுதுகிறோம்.

இதில் உங்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று பெரியவர்கள் கேட்கலாம். கிறிஸ்துமஸ் விழாவுக்கு முன் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் இசை கற்பித்து, இன்று இறைவனடி சேர்ந்துவிட்ட சகோதரி ஒருவர் தாமே மெட்டமைத்த ஒன்பது கிறிஸ்து பிறப்புப் பாடல்களை, 2006-ஆம் ஆண்டுப் பாடகர் குழு ஒரு தட்டில் பதிந்து வைத்திருக்கிறது. அவற்றை இவ்வாண்டு நாங்கள் பாடலாமே என்று ஆசிரியை ஒருவர் யோசனை சொன்னார். அலுவலகப் பீரோவில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் பதினேழு தட்டுகள் இருந்தன. மேலே பட்டை மையால் ‘ஆண்டு விழா 2005’, ‘விளையாட்டு விழா 2008’, ‘மதர் பிரிவு உபசாரம்’ என்றெல்லாம் எழுதியிருந்தது. ‘பாடல்கள் – சிஸ்டர்’ என்று எழுதிய தட்டும் கிடைத்தது. ஓட்டமாக ஓடிக் கணிப்பொறி அறைக்குப் போனோம். அங்குள்ள கணிப்பொறி எதிலும் தட்டைச் செருகும் வாயே இல்லை! எங்கள் வீடுகளில் உள்ள மடிக்கணினிகளிலும் இல்லை. பாட்டு கைக்குள் இருக்கிறது, காதுக்கு வரவில்லை.

அந்தத் தட்டைப் பதிந்தவர்கள் மீது குற்றமில்லை. அன்றைக்குக் கணிப்பொறி என்றாலே தட்டு வாய் உண்டு. இனி என்றைக்கும் இருக்கும் என்றுதான் உலகமே எண்ணியது. ஆகவே ‘அடுத்த தட்டு எப்போது வரும்’ என்பது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று என்பது எங்கள் கருத்து. அந்தக் கேள்விக்குத் தவறான விடையை நம்பினால் ஒரு பிஸ்கட் டின் நிறைய நினைவுகள் ஊமையாகிவிடும்.

இனி வாதத்துக்கு வருவோம். இதற்கு முன் வந்த தட்டுகள் எப்படிப் பொது வழக்காயின என்று பார்த்தால், புதிய தட்டின் சாதகத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் குறுந்தட்டு, அதாவது சி.டி., 1982-இல் இசைக்காகக் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைக் கணிப்பொறிக்குப் பயன்படுத்தும் விதிமுறைகளும் தயாராகிவிட்டன. ஆனால் கணிப்பொறிகளில் அது சர்வசாதாரணமாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1995-இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோதுகூட, சி.டி.யிலும் கிடைத்தது, 13 பிளாப்பிகளாகவும் கிடைத்தது. பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பன்னிரண்டாவதில் பழுதிருந்தால் அன்றைய பொழுது போயிற்று. ஒரு பிளாப்பி கொள்ளுவது 1.44 மெகாபைட். ஒரு சி.டி. கொள்ளுவது 650 மெகாபைட். அதாவது 450 பிளாப்பிகளின் வேலையை ஒரு சி.டி. செய்தது. இப்படி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தும் பத்தாண்டுகளுக்கு மேல் என்பதைத் தோழியர் குறித்துக்கொள்ளட்டும்!

அடுத்தது டி.வி.டி. இதற்கு முதலில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு பக்கம் சோனி, பிலிப்ஸ். மறு பக்கம் தோஷிபாவும் அதன் நண்பர்களும். இரண்டும் இரண்டு வகைத் தட்டைச் செய்து வைத்துக்கொண்டு நின்றன. அப்போது ஐ.பி.எம்., ஆப்பிள், மைக்ரோசாப்ட் முதலிய கணிப்பொறிக்காரர்கள் ஒன்றுகூடி, இரண்டு வேண்டாம், ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். 1995-இல் சமாதானம் ஏற்பட்டது. 1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. சி.டி.யைவிட இது விரைவாகவே கணிப்பொறிகளில் இடம் பிடித்தது. டி.வி.டி. வாயில் பழைய சி.டி.யும் ஓடும் என்பது அதற்குப் பெரிய துணை. புது மருமகள் வந்த பிறகும் மாமியாருக்குச் சோறு உண்டு என்பது போல!

மூன்றாவதுதான் புளூ ரே. இங்கே சமாதானம் ஏற்படவில்லை. சோனி தரப்பின் புளூ ரே, தோஷிபா தரப்பின் எச்.டி. டி.வி.டி. என்ற இரண்டும் 2006-இல் கடைகளில் நேருக்கு நேர் மோதின. எது வெல்லும், எப்போது கணிப்பொறிகளில் நிலைபெறும் என்று அறிஞர்களும் பத்திரிகைகளும் ஆண்டுக் கணக்கில் ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008 ஜனவரியில் வார்னர் படக் கம்பெனி புளூ ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டது. புளூ ரே வென்றது. இனி எல்லாக் கணிப்பொறியிலும் அதுதான் என்றார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய மாதம் என்ன நடந்தது தெரியுமா? 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ‘மேக்புக் ஏர்’ என்ற மெல்லிய மடிக்கணினியை வெளியிட்டது. அதில் எந்தத் தட்டுக்கும் வாய் இல்லை! இத்தனைக்கும் அதே ஆப்பிள் 2005-இலேயே புளூ ரே சங்கத்தில் சேர்ந்திருந்தது. சேர்ந்ததோடு சரி, தன் கணிப்பொறி ஒன்றிலேனும் புளூ ரே வாய் வைத்து விற்கவில்லை. 2008 அக்டோபரில் அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அந்தத் தட்டின் உரிமச் சிக்கல்கள் பெருந்தொல்லை என்ற பொருள்படப் பேசினார். போர்க்களத்தில் இரண்டு அரசர்கள் சண்டையிட்டு ஒருவர் வெல்வதற்குள், குடிமக்கள் நாட்டைக் காலி செய்துவிட்டுப் புறப்பட்ட கதை இது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன இந்தப் போரைப் படித்தபோதுதான் எங்கள் கட்சி உறுதிப்பட்டது.

குடிமக்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் பென் டிரைவுக்கு. 2000-ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தபோது 8 மெகாபைட்தான் கொண்டது, பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். மற்றவர்கள் இணையத்துக்கு. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, படம் பார்க்கத் தட்டு வாங்குவது என்ற பழக்கமே போய்விட்டது என்று எங்கள் பெற்றோர் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பிளாப்பியிலிருந்து சி.டி.க்குத் தாவியபோது 450 மடங்கு. சி.டி.யிலிருந்து டி.வி.டி.க்கு ஏறத்தாழ 7 மடங்கு. டி.வி.டி.யிலிருந்து 25 கிகாபைட் கொண்ட புளூ ரேக்கு 5 மடங்கு. தாவலின் அளவு சுருங்கிக்கொண்டே வந்தது. ஐந்து மடங்குக்காகப் புதிய கருவி, புதிய செலவு, புதிய உரிமக் கட்டணம் எல்லாம் எதற்கு என்று மக்கள் நினைத்தார்கள். கணிப்பொறிச் சந்தையில் புளூ ரேயை வீழ்த்தியது எதிரித் தட்டன்று. மக்களின் ‘போதும்’ என்ற ஒரு சொல்தான்.

“சீனத் தட்டில் மடங்கு சுருங்கவில்லையே, புளூ ரேயைவிட 8,000 மடங்கு அல்லவா?” என்று எதிர்க்கட்சித் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கூட்டத்தில் விழித்தோம். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டோம். டி.வி.டி. எழுதும் கருவிகளில் வேகமானவை வினாடிக்கு ஏறத்தாழ 22 மெகாபைட் எழுதும். அந்த வேகத்தில் 200 டெராபைட்டையும் நிரப்ப 105 நாட்கள் ஆகின்றன! காலாண்டுத் தேர்வன்று தட்டைச் செருகினால் அரையாண்டுத் தேர்வு முடியும்போதுதான் வெளியே எடுக்கலாம். மேலும் அந்தத் தட்டில் எழுத ஃபெம்டோ வினாடி லேசர் வேண்டும். ஒரு வினாடியை ஆயிரம் இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் ஃபெம்டோ வினாடி. அவ்வளவு நுண்ணிய துடிப்புகளைத் தரும் கருவி ஆராய்ச்சிக் கூடத்துக்கு உரியது. ரிச்சி தெருக் கடையில் பேரம் பேசி வாங்கிவரும் பொருளன்று. விலை இறங்கும் என்பார்கள். இறங்கலாம். ஆனால் நம்மில் யாருக்கு வீட்டில் 200 டெராபைட் நிரப்பப் பொருள் இருக்கிறது? பத்தாம் வகுப்புப் பாடம் முழுவதையும், அதனோடு எங்கள் கையெழுத்துப் பிழைகளையும் சேர்த்துப் பதிந்தாலும் ஒரு மூலை நிரம்பாது.

கணிப்பு தவறுவதால் யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டு மோசர் பேயர் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 1983-இல் டில்லியில் தொடங்கிய இந்நிறுவனம் 1988 முதல் பிளாப்பி செய்தது. 1999-இல் சி.டி.க்கு மாறியது. பிறகு டி.வி.டி., அதன் பிறகு எழுதத்தக்க புளூ ரே என்று, ஒவ்வொரு முறையும் அடுத்த தட்டு எது என்பதைச் சரியாகவே கணித்து, உலகின் மிகப் பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக உயர்ந்தது. நம் அன்னையர்க்கு இப்பெயர் நன்கு தெரியும். தமிழ்ப் படங்களின் சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றுத் தெருவெங்கும் கொண்டு வந்தவர்கள் இவர்கள்தாம். அடுத்த தட்டு எது என்பதில் தவறாத அந்நிறுவனம், ‘அடுத்து ஒரு தட்டு உண்டு’ என்பதில் இடறியது. சூரிய மின் தகடுத் தொழிலில் போட்ட முதலும் கடனும் சேர்ந்து அழுத்த, 2018-இல் நிறுவனத்தைக் கலைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களும் நம் பெற்றோரைப் போலப் பள்ளிக் கட்டணம் கட்டியவர்கள்தாமே?

கரையான்சாவடியில் இருப்பவர்களுக்குக் கணிப்பு என்பது புதிதல்ல. சாலை நடுவே மெட்ரோ தூண்கள் எழத் தொடங்கிய நாள் முதல், ரயில் எப்போது ஓடும் என்று தேநீர்க் கடையில் நாளொரு தேதி சொன்னார்கள். தேதிகள் தவறினாலும் ரயில் வரும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஏனென்றால் தூண் கண்ணுக்குத் தெரிந்தது. 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பக்கம் சோதனை ஓட்டமும் நடந்தது. சீனத் தட்டுக்கு அப்படிப்பட்ட தூண் எங்கே? நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொது விதி வகுத்ததாக இல்லை. அந்தத் தட்டில் வெளியிடப் படமோ பாட்டோ காத்திருக்கவில்லை. வீட்டு விலையில் படிக்கும் கருவி இல்லை. சி.டி.க்கும் டி.வி.டி.க்கும் இம்மூன்று தூண்களும் எழுந்த பிறகே ரயில் ஓடியது.

எதிர்க்கட்சியார்க்கு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறோம். நம் மேசைக்கு வராது என்றோமே தவிர, எங்குமே வராது என்று சொல்லவில்லை. நாம் ‘மேகத்தில்’ வைத்திருப்பதாகச் சொல்லும் படங்களும் கடிதங்களும் வானத்தில் மிதக்கவில்லை. அவை தரவு மையங்கள் எனப்படும் பெரிய கட்டடங்களில் இருக்கின்றன. அவற்றில் சில நம் பக்கத்து அம்பத்தூரிலேயே உள்ளன, 2023-இல் என்.டி.டி. நிறுவனமும் அங்கே ஒன்றைத் திறந்தது. அக்கட்டடங்களுக்குள் இன்றைக்கும் சுழலும் ஹார்டு டிஸ்க்குகள் உண்டு. ஆக, தட்டு நம் வீட்டைவிட்டு அம்பத்தூருக்குக் குடிபோயிற்றே தவிர இறந்துவிடவில்லை! அடிக்கடி தொடாத பழைய செய்திகளை நெடுங்காலம் வைக்க இத்தகைய மையங்களுக்குப் பெரிய தட்டுகள் உதவக்கூடும். 2014-இலேயே பேஸ்புக் நிறுவனம் பத்தாயிரம் புளூ ரே தட்டுகள் அடங்கிய ஓர் அலமாரியைச் செய்து காட்டியிருக்கிறது. எனவே எங்கள் கணிப்பு இதுதான்: சீனத் தட்டோ அதன் தம்பியோ ஒருநாள் அம்பத்தூருக்கு வரலாம், கரையான்சாவடி வீடுகளுக்கு வராது. இம்மலரை 2035 வரை பத்திரமாக வைத்திருந்து, தவறியிருந்தால் எங்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

சாவடி என்றால் வழிப்போக்கர் இரவு தங்கிப் போகும் இடம் என்று தமிழாசிரியை சொல்வார். கரையான்சாவடி, குமணன்சாவடி என்று இரண்டு சாவடிகளுக்கு இடையே வளர்ந்த நமக்கு இது எளிதாக விளங்க வேண்டும். பிளாப்பியும் சி.டி.யும் டி.வி.டி.யும் சாவடிகள். பென் டிரைவும் சாவடியே. எழுதத்தக்க புளூ ரே தட்டு செய்வதைச் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. வென்றவரின் சாவடியும் பூட்டப்பட்டது. அப்படியிருக்க, ‘நல்ல தட்டு வரட்டும், அதில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம்’ என்று காத்திருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. பிஸ்கட் டின்னில் இருப்பவை காத்திருக்க மாட்டா. வீட்டில் எழுதும் சி.டி., டி.வி.டி.க்களில் செய்தி பதிவது ஒரு மெல்லிய சாயப் படலத்தில். நம் ஊர் வெயிலும் ஈரமும் அதற்குப் பகை.

எங்கள் தட்டுகளுக்கு அதுதான் நேர்ந்தது. குமணன்சாவடி போகும் வழியில் ஒரு புகைப்பட நிலையத்தில் பழைய கணிப்பொறி ஒன்று உயிரோடு இருப்பதாக ஒரு தோழியின் தந்தை சொல்ல, கணிப்பொறி ஆசிரியையுடன் பதினேழு தட்டுகளையும் எடுத்துச் சென்றோம். “ஏம்மா, இதெல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா?” என்று வியந்தார் கடைக்காரர். இரண்டு நாட்கள் பொறுமையாக உட்கார்ந்து உதவிய அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். பன்னிரண்டு தட்டுகள் முழுமையாகத் திறந்தன. நான்கு பாதி வழியில் நின்றன. ஒன்று திறக்கவே இல்லை.

சிஸ்டரின் பாடல்கள் அந்த நான்கில் ஒன்று. ஆறு பாடல்கள் தெளிவாகக் கேட்டன; முதல் பாட்டுக்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டு சுருதி கொடுக்கும் குரலும் கேட்டது. ஏழாவது தொடங்கித் திக்கித் திக்கி நின்றுவிட்டது. பிறகு ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார், 2006-இல் அப்பாடகர் குழுவில் இருந்தவர், பள்ளிக்கு வந்து மீதி மூன்றையும் நினைவிலிருந்து பாடிக் காட்டினார். எட்டாவது பாட்டில் ஓர் அடி மட்டும் அவருக்கு வரவில்லை. கிறிஸ்துமஸ் விழாவில் அந்த இடத்தில் ஆர்மோனியத்தை மட்டும் வாசித்தோம்.

இப்போது எல்லாவற்றையும் மூன்று இடங்களில் படி எடுத்து வைத்திருக்கிறோம். அவற்றை ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் புதிய பத்தாம் வகுப்பு திறந்து பார்த்து, தேவையானால் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தலைமைச் சகோதரி அவர்களிடம் விண்ணப்பித்து அனுமதியும் பெற்றுவிட்டோம். திறக்காமற் போன தட்டு ‘ஆண்டு விழா 2009’. அதன் படி எவர் வீட்டிலேனும் இருந்தாலும், தட்டு படிக்கும் பழைய கணிப்பொறி ஒன்று பரணில் கிடந்தாலும், அன்புகூர்ந்து பள்ளி அலுவலகத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எட்டாவது பாட்டின் அந்த ஓர் அடி நினைவிருப்பவர்களும் வரலாம்.